வானத்துக்கு விட்ட இடம்

போன மாதம் எங்கள் கோயிலில் கீபோர்ட் வாசிக்கும் பிள்ளை என் வீட்டுப் படலைக்கு வந்தாள். ஸ்கூட்டியை விட்டு இறங்காமலே கேட்டாள்.

"அன்ரி, அந்த வரம்புப் பாட்டில ஒவ்வொரு வரிக்குப் பிறகும் சும்மா கிடக்கிற இடம் இருக்கெல்லோ? அதுக்குள்ள ட்ரம்ஸ் போட்டு நிரப்பட்டோ? திருநாளுக்கு நல்லா இருக்கும்."

நல்ல பிள்ளை. என்னிடம் கேட்காமலே போட்டிருக்கலாம். மெட்டுப் போட்டவர் என் பெரியம்மா என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள், அதனால் மரியாதைக்கு வந்திருக்கிறாள்.

"ஏன் அன்ரி அதை விட்டவா? மூச்சு எடுக்கவோ?"

"யோசிச்சுச் சொல்லுறன் பிள்ளை" என்று அனுப்பிவிட்டுக் குசினிக்குள் போய் நின்றேன். உலையில் கிடந்த சோறு குழைந்து களியாகிவிட்டது. அவளுக்குச் சொல்லத் தொடங்கினால் அந்தப் பின்னேரம் போதாது. பங்கர் என்ற பதுங்குகுழி என்னவென்றே தொடங்க வேண்டும். உங்களுக்கு அந்தக் கரைச்சல் இல்லை. கிளிநொச்சிப் பக்கத்தில் பிறந்து, பங்கருக்குள் பால்பல் விழுந்து, இன்றைக்கு மூட்டு வலிக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருக்கும் என் வயதுக்காரர்களே, நீங்கள் பாதி சொல்லும்போதே மீதியைப் பிடித்துவிடுவீர்கள். ஆகவே உங்களுக்குச் சொல்கிறேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் பயந்தாங்கொள்ளி. பக்கத்து வீட்டில் மா அரைக்கும் மெசினைப் போட்டால் இன்றைக்கும் என் கை வேலையை விட்டுவிடும். பயத்தை வென்றுவிட்டோம் என்று ஒலிபெருக்கியில் முழங்குகிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். எதை வென்றீர்கள், யாரைக் கேட்டு வென்றீர்கள் என்று எழும்பிக் கேட்கத் தோன்றும். எங்களை இவ்வளவு காலம் உயிரோடு வைத்திருந்தது அந்தப் பயம்தான். அதற்கு ஒரு நன்றியாவது சொல்ல வேண்டாமா?

எங்கள் பழைய அந்தோனியார் கோயில் கண்டாவளைப் பக்கம், வயலை ஒட்டி இருந்தது. கோயில் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். ஓட்டுக் கூரை, அரைச்சுவர், அதற்கு மேல் மரச்சட்டம், சட்டத்துக்கூடாக நெல்வயல். பங்குச் சுவாமி மாதத்தில் ஒருமுறை மோட்டார் சைக்கிளில் வந்து பூசை வைப்பார். மற்ற ஞாயிறுகளில் செபம் நடத்துவதும் கோயில் திறப்பை இடுப்பில் செருகிக்கொண்டு திரிவதும் மூப்பரின் வேலை. மூப்பர் என் அப்பா. பாட்டுக்குழு பெரியம்மாவின் பொறுப்பு. பெரியம்மா அம்மாவுக்கு மூத்தவர். யாழ்ப்பாணத்தில் கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்தில் ஆர்மோனியம் படித்தவர். பெரியப்பா கொழும்புக்கு வேலைக்குப் போய், பாதை அடைபட்டு, அங்கேயே நின்றுவிட்டார். பெரியம்மாவும் அவரது ஒரே மகளும் எங்கள் வளவிலேயே ஒரு கொட்டில் போட்டு இருந்தார்கள். அந்த மகளை நான் அக்கா என்பேன்.

பாட்டுக்குழுவில் பாதிப் பேர் கோயிலுக்கே சேராதவர்கள். மலைநாட்டிலிருந்து வந்து காடு வெட்டிக் குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகள் நெற்றியில் திருநீற்றோடு வந்து அந்தோனியாரைப் பாடுவார்கள். வைகாசியில் வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்கு வண்டி கட்டிக்கொண்டு போய்விட்டால் அந்தக் கிழமை பாட்டுப் பழக்கம் படுத்துவிடும். சுவாமிக்கு இதில் ஆட்சேபமில்லை. அப்பாவுக்கு இருந்தது, ஆனால் நல்ல குரல் எல்லாம் அந்தப் பிள்ளைகளிடம்தான் இருந்தது.

பாட்டின் சொல்லைச் சுவாமி எழுதி அனுப்புவார். மெட்டு பெரியம்மா போடுவது. இதற்கென்று அவர் ஆர்மோனியத்துக்கு முன்னால் போய் உட்கார்ந்ததை நான் கண்டதில்லை. முற்றத்தில் சுளகு போட்டு அரிசி புடைப்பார், உதடு அசையும். அரிசி ஒரு பக்கம் உமி ஒரு பக்கம் போகும்போது ஒரு வரி வந்துவிடும். பிடிக்காவிட்டால் சுளகை ஒரு தட்டுத் தட்டி முதலிலிருந்து தொடங்குவார். ஆர்மோனியத்திடம் போகும்போது மெட்டு முழுதாக இருக்கும்.

"மெட்டு எண்டது சட்டை மாதிரி" என்பார். "பாடுற ஆளின்ர அளவுக்குத் தைக்க வேணும். என்ர குரலுக்கு அழகா இருக்கெண்டு உங்களுக்குப் போட்டுவிட ஏலுமோ?"

அந்தக் காலத்து அவருடைய மெட்டுகள் எல்லாம் சந்தோசமானவை. ஒரு வரி முடியுமுன் அடுத்த வரி வந்து ஏறிக்கொள்ளும். பாடி முடித்தால் எங்களுக்கு ஓடி வந்த களைப்பு இருக்கும். ஆர்மோனியமும் விட்டுக்கொடுக்காது. ஏதோ நாடகக் குழுவிடம் வாங்கிய கிழட்டுப் பெட்டி அது. துருத்தியில் கிழிந்த இடத்துக்குச் சைக்கிள் டியூப் ஒட்டியிருந்தது. எல்லாக் குமிழையும் இழுத்துவிட்டு வாசித்தால் அரைச்சுவர் அதிரும்.

அந்த நத்தாருக்கு அப்படித்தான் பாடினோம். பாலன் பிறந்த பாட்டு. பெரியம்மா வாசிக்கிறார், நாங்கள் கத்துகிறோம், அப்பா ஒரு பக்கம் கைதட்டித் தாளம் போடுகிறார். குண்டு போடும் பொம்பர் விமானம் வந்தது எங்களில் ஒருவருக்கும் கேட்கவில்லை. ஊரெல்லாம் பங்கருக்குள் இருந்தது. நாங்கள் மட்டும் பாடிக்கொண்டிருந்தோம். தெருவுக்கு அந்தப் பக்கம் இருந்த அரிசி ஆலையில் குண்டு விழுந்தபோது எங்கள் காதில் முதலில் விழுந்தது குண்டுச் சத்தம்தான். ஓடு சரிந்து கொட்டியது. அக்காவின் புருவத்துக்கு மேல் ஓட்டுத் துண்டு வெட்டி, கண்ணெல்லாம் இரத்தம். கண் போய்விட்டது என்றே எல்லோரும் நினைத்தோம். போகவில்லை. தழும்பு மட்டும் கனடாவில் இன்றைக்கும் இருக்கிறது.

அதற்குப் பிறகு பெரியம்மா வேறு ஆளாகிவிட்டார். சோறு பிசைந்துகொண்டிருக்கும்போது கையை நிறுத்திவிட்டுச் சொல்வார்.

"நான்தானே வாசிச்சுக்கொண்டிருந்தனான். என்ர கைச் சத்தத்தில எனக்கு அது கேக்கேல்லை."

அம்மா, "விடுங்கோ அக்கா, பிள்ளைக்கு ஒண்டும் நடக்கேல்லைத்தானே" என்பார். பெரியம்மா அக்காவின் நெற்றியைப் பார்ப்பார். பிறகு கையைக் கழுவிக்கொண்டு எழும்பிவிடுவார்.

மாசியில் சுவாமி புதுப் பாட்டு அனுப்பினார். ஆனியில் வரும் அந்தோனியார் திருநாளுக்கு. "வரம்பில் நடந்து வாரும் ஆண்டவரே, வாடும் பயிரைப் பாரும் ஆண்டவரே" என்று தொடங்கும். சுளகு பல நாள் முற்றத்தில் தட்டு வாங்கியது. பழக்கத்துக்குப் போன முதல் நாள் பெரியம்மா ஆர்மோனியத்தின் ஒரு குமிழைக் காட்டினார். அதை இழுத்தால் கட்டை ஒன்றையும் தொடாமலே அடியில் ஒரு சுருதி இடைவிடாமல் ஊமென்று ஓடும்.

"இதின்ர குரலும் தூரத்தில வாற பொம்பரின்ர குரலும் ஒண்டு. இரண்டையும் பிரிச்சறிய என்ர காதுக்கு ஏலாது" என்றார். குமிழை உள்ளே தள்ளி, வெளியே வராதபடி டியூப் துண்டொன்றைச் செருகி அடைத்தார்.

பிறகு பாட்டைச் சொல்லித் தந்தார். மெட்டு தாழ்வாக இருந்தது. தொண்டையைத் திறந்து கத்த இடமே இல்லை. முதல் வரி முடிந்ததும் ஆர்மோனியத்திலிருந்து இரண்டு கையையும் எடுத்தார். நாங்கள் அடுத்த வரிக்கு வாயைத் திறந்தோம்.

"பொறுங்கோ. இது பாட்டுக்குள்ள சேர்ந்ததுதான். இந்த இடத்தில வாயை மூடிக் காதைத் திறக்க வேணும்."

நாலு தட்டுக்குச் சத்தம் இல்லை. பிறகு எங்களைப் பார்த்துக் கேட்டார்.

"கேக்குதோ?"

"இல்லை பெரியம்மா."

"அப்ப பாடுங்கோ."

இப்படி ஒவ்வொரு வரிக்கும் பிறகு. எல்லாப் பிள்ளைகளும் அவரைப் பெரியம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். நாளடைவில் வாயால் கேட்பதை விட்டுவிட்டார். புருவத்தைத் தூக்குவார், நாங்கள் தலையை ஆட்டுவோம், அவர் கை கட்டைக்கு இறங்கும்.

எனக்கு அந்த இடம் பிடிக்கவில்லை. பாடும்போது எனக்குப் பயமில்லை. சொல் இருக்கிறது, பக்கத்தில் அக்காவின் முழங்கை இருக்கிறது, பாட்டு எங்களைக் கொண்டு போகிறது. நிறுத்தும்போதுதான் பயம் வரும். அந்த நாலு தட்டுக்குள் எவ்வளவு கேட்கும் என்பதை நீங்கள் அறிவீர்கள். வயலில் கொக்கு எழும்பும். மெழுகுதிரி படபடக்கும். பக்கத்துப் பிள்ளையின் மூக்கு அடைப்பு கேட்கும். என் நெஞ்சு கேட்கும், அது பொம்பரா என் நெஞ்சா என்று எனக்கே சந்தேகம் வரும்.

ஒரு நாள் அந்த இடத்தில் உண்மையாகவே ஊமென்று ஒரு சத்தம் வந்தது. யார் முதலில் எழும்பியது என்று தெரியாது, எல்லோரும் கோயிலுக்குப் பின்னால் புளிய மரத்தடிப் பங்கருக்குள் விழுந்துவிட்டோம். பனங்குற்றி அடுக்கி மண் மூடை போட்ட பங்கர். உள்ளே ஈர மண் மணமும் மூத்திர மணமும். குற்றி இடுக்கில் ஒரு பாம்புச் சட்டை தொங்கியது. மேலே பொம்பர், உள்ளே பாம்பு, எதற்குப் பயப்படுவது என்று தெரியாமல் நான் கண்ணை மூடிக்கொண்டேன். கடைசியில் அது கோயில் கூரை மரத்தில் துளை போட்ட கருவண்டு. பெரியம்மா சிரிக்கவில்லை.

"பரவாயில்லை. வண்டுக்கு ஓடினாலும் ஓடினது நல்லதுதான்" என்றார்.

அப்பாவுக்கு அது பரவாயில்லையாக இருக்கவில்லை. அப்பா தைரியசாலி என்று ஊரில் பெயர். குண்டு விழுந்த நத்தாரன்றுகூட செபத்தை முடித்துவிட்டுத்தான் வெளியே வந்தாராம். அந்தப் பெயரை அவர் கவனமாகப் பார்த்துக்கொண்டார். பின்னேரம் கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டிருந்தவர், வாளியோடு வந்த பெரியம்மாவைப் பார்த்துச் சொன்னார்.

"மச்சாள், உந்தப் பாட்டு விக்குது. ஒரு வரி பாடுறது, பிறகு முழிச்சுக்கொண்டு நிக்கிறது. திருநாளுக்கு ஆயரில்லத்தில இருந்து பெரிய சுவாமி வாறார். என்ன நினைப்பார்?"

"என்ன வேணுமெண்டாலும் நினைக்கட்டும் தம்பி."

"கோயிலுக்கை நிண்டுகொண்டு வானத்தை ஒட்டுக்கேக்கிறது விசுவாசக் குறைவு. ஆண்டவர் பாத்துக்கொள்ளுவார்."

பெரியம்மா வாளியைக் கீழே வைத்தார்.

"ஆண்டவர் பாக்கட்டும். நான் கேக்கிறன். அவர்தானே எனக்குக் காது தந்தவர்... அந்த இடத்தை எடுத்தால் நான் வாசிக்க மாட்டன். உங்களுக்கு விருப்பமெண்டால் ஆரையும் கொண்டு வாசிப்பியுங்கோ."

அந்த வட்டாரத்தில் வேறு யாருக்கும் ஆர்மோனியம் வாசிக்கத் தெரியாது. அப்பா துவாயால் காலைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

திருநாள் வந்தது. தென்னோலைத் தோரணம், பந்தல், பக்கத்துக் கிராமத்துச் சனம். அக்காவுக்கும் எனக்கும் ஒரே துணியில் தைத்த ரோஸ் நிறச் சட்டை. பெரிய சுவாமி மெலிந்த மனிதர், வழி முழுக்கச் சைக்கிளில் வந்த களைப்பில் இருந்தார். அன்றைக்குக் காலையிலிருந்தே பெரியம்மா வந்த சனத்தை எண்ணிக்கொண்டிருந்தார். இவ்வளவு சனத்தை ஒரு கூரைக்குக் கீழே அவர் அந்த வருடத்தில் கண்டதில்லை. "இவ்வளவு பேருக்கும் பங்கர் காணாது" என்று அம்மாவிடம் சொன்னது எனக்குக் கேட்டது.

காணிக்கைப் பாட்டுக்கு எழும்பினோம். வரம்பில் நடந்து வாரும் ஆண்டவரே. முதல் வரி முடிந்தது. பெரியம்மா கையை எடுத்தார். எங்கள் வாய் மூடியது. சனமும் என்ன ஏது என்று அமைதியானது.

ஊமென்று கேட்டது.

தூரத்தில் அல்ல. கோயிலுக்குள், எங்கள் எல்லோரையும் சுற்றி. தெளிவாக, அடங்காமல், ஒரே சுருதியில். பெரியம்மாவின் முகத்தில் இரத்தம் இறங்கியதைப் பார்த்தேன். அவர் எங்களிடம் கேட்கவில்லை. எழும்பி நின்றார்.

"பொம்பர்! பிள்ளையளைத் தூக்குங்கோ, வெளியால போங்கோ!"

அதற்குப் பிறகு நடந்ததை உங்களுக்கு விவரிக்கத் தேவையில்லை. ஒற்றை வாசலில் அவ்வளவு சனம். வாங்குப் பலகைகள் கவிழ்ந்தன. யாரோ என் பின்னலைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினார்கள். பந்தல் கால் முறிந்து தோரணம் தலையில் விழுந்தது. எங்கள் ஊர்ச் சங்கக்கடை முகாமையாளரின் மனைவி படியில் விழுந்து கையை முறித்துக்கொண்டார். பங்கரில் இடமில்லாதவர்கள் வாய்க்காலுக்குள் படுத்தார்கள். பெரிய சுவாமி பூசை உடுப்போடு சேற்றில் குப்புறக் கிடந்தார். அவருக்குப் பக்கத்தில் நான் கிடந்தேன். அவருடைய காது மடல் சிவந்து துடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்தபோதுதான் சுவாமிமாருக்கும் பயம் வரும் என்று எனக்குத் தெரிந்தது.

நீல வானம். ஒரு பருந்து மட்டும் சுற்றியது. எவ்வளவு நேரம் கிடந்தோம் என்று சொல்லத் தெரியவில்லை. ஒன்றும் வரவில்லை.

முதலில் எழும்பியவர் அப்பா. கோயிலுக்குள் போனார். கொஞ்ச நேரத்தில், "எல்லாரும் வாங்கோ. வந்து பாருங்கோ" என்று கூப்பிட்டார். சேறும் கண்ணீருமாகச் சனம் வாசலில் கூடியது. அப்பா ஆர்மோனியத்துக்குப் பின்னால் நின்றார். கட்டை ஒன்றையும் தொடாமல் துருத்தியை மட்டும் அமத்தினார்.

ஊமென்றது பெட்டி.

அடைத்து வைத்த டியூப் துண்டு வெக்கைக்கு இளகிக் கீழே கிடந்தது. குமிழ் அரை விரலளவு வெளியே வந்திருந்தது. பாட்டு ஓடும்போது அதன் சத்தம் மற்றச் சத்தத்துக்குள் மறைந்திருக்கிறது. கையை எடுத்த பிறகு துருத்தியில் மிச்சமிருந்த காற்றில் அது தனியாகப் பாடியிருக்கிறது. எந்தக் குரலைப் பிரித்தறிய ஏலாது என்று பெரியம்மா பயந்தாரோ அதே குரல்.

அப்பா திரும்பவும் அமத்தினார். திரும்பவும். கடைசியில் பெரிய சுவாமிதான், "போதும் மூப்பர்" என்றார். பெரியம்மா பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். யாரோ சிரித்தார்கள். பயந்து எழும்பிய சனத்துக்குச் சிரிப்பு சீக்கிரம் வந்துவிடும். கை முறிந்தவரின் வீட்டார் சிரிக்கவில்லை, அவர்கள் ஏசினார்கள்.

அன்றோடு பெரியம்மா கோயிலுக்கு வருவதை விட்டார். கொட்டில் வாசலில் இருந்தபடியே ஞாயிற்றுச் செபத்தைச் சொல்வார். தெருவில் போகிற பொடியன்கள் மூக்கால் ஊமென்று இழுத்துக்கொண்டு போவார்கள். அக்காவுக்கு அது கேட்கும்போது தழும்பு சிவந்துவிடும்.

"அம்மா பிழையா என்ன செய்தவா?" என்று ஒரு நாள் அக்கா என்னைப் பிடித்து உலுக்கினாள். "கேட்டது கேட்டதுதானே? உனக்கும் கேட்டதெல்லோ?"

"கேட்டது" என்றேன்.

ஆவணியில் மாதா திருநாள் வர இருந்தது. பாட்டுக்குழுவை அப்பா பொறுப்பெடுத்தார். ஆர்மோனியத்தைப் பீடத்துக்குப் பின்னால் வைத்துப் பூட்டிவிட்டு, கைதட்டித் தாளம் போட்டுப் பாடச் சொன்னார். வரம்புப் பாட்டைத்தான் எடுத்தார். ஊருக்கு வேறு புதுப் பாட்டு இருக்கவில்லை.

"நிப்பாட்டாமல் பாட வேணும். முழிக்கிறேல்லை. விளங்குதோ?"

விளங்கியது. ஆனால் முதல் வரி முடிந்ததும் எங்கள் வாய்கள் தாமாக மூடிக்கொண்டன. அப்பா பிரம்பால் வாங்கில் அடித்தார். இரண்டு மூன்று பின்னேரங்களில் பழக்கிவிட்டார். வரிக்கு மேல் வரி ஏறியது. நான் பாடிக்கொண்டே அழுதேன். இவ்வளவு நாளும் நான் வெறுத்த அந்த இடம் இல்லாமல் போனதும், மூடிய கண்ணோடு தெருவைக் கடப்பது போல இருந்தது. வாய் பாடியது, காது பாட்டுக்கு வெளியே போக வழி தேடியது. பொம்பர் வந்தால் எங்களுக்குத் தெரியாது. தெரியாது என்பது எல்லாப் பிள்ளைக்கும் தெரிந்திருந்தது.

பிறகு ஒரு மாற்றத்தைக் கவனித்தோம். அப்பா தோளில் ஒரு துவாய் போட்டுக்கொண்டு வரத் தொடங்கினார். ஒரு வரி முடிந்ததும் கையைத் தட்டாமல் துவாயை எடுத்து முகத்தைத் துடைப்பார். முதலில் சில வரிகளுக்கு மட்டும். பிறகு ஒவ்வொரு வரிக்கும். மழை இருட்டிக் கிடந்த நாளிலும் துடைத்தார். தாளம் அவரிடம் இருந்ததால் நாங்கள் காத்திருக்க வேண்டும். முகம் துவாய்க்குள் இருக்கும், ஒரு காது மட்டும் வெளியே வயல் பக்கம் திரும்பியிருக்கும்.

"நாலு தட்டு" என்று அக்கா என் காதுக்குள் சொன்னாள். "எண்ணிப் பார்."

எண்ணினேன். அச்சொட்டாக நாலு.

அப்பாவைப் பற்றி நினைக்கும்போது எனக்கு இப்போது அந்தத் துவாய்தான் வருகிறது. அவர் ஊரை ஏமாற்றவில்லை என்றே நினைக்கிறேன். தைரியசாலி என்ற சட்டையை யாரோ அவருக்கு மாட்டிவிட்டார்கள், கழற்றும் வழி அவருக்குத் தெரியவில்லை. எங்களில் யாரையும்விட அவர்தான் அதிகம் பயந்திருக்க வேண்டும். நாங்கள் பங்கருக்குள் அழுது தீர்த்தோம். அவர் எங்கே போய் அழுவது?

மாதா திருநாளுக்கு முன் ஒரு பின்னேரம், பழக்கத்தில் இரண்டாவது வரி. வாடும் பயிரைப் பாரும் ஆண்டவரே. துவாய் முகத்துக்குப் போனது. நாலு தட்டும் முடிந்தது. துவாய் இறங்கவில்லை. நாங்கள் பார்த்துக்கொண்டு நின்றோம். ஐந்து, ஆறு. துவாய்க்கு மேல் அப்பாவின் கண்கள் தெரிந்தன. எதையும் பார்க்காத கண்கள்.

அப்போது எங்களுக்கும் கேட்டது. வண்டும் இல்லை, பெட்டியும் இல்லை. பெட்டி பூட்டிக் கிடந்தது.

அப்பா கத்தவில்லை. "ஓடுங்கோ" என்று மெதுவாகத்தான் சொன்னார். திருநாளன்று போல நெருக்குப்படவில்லை. மாசியிலிருந்து பழகிய கால்கள். சின்னனுகள் முதலில், பிறகு நாங்கள், கடைசியாக அப்பா. அவர் கால் உள்ளே வந்ததும் நிலம் எழும்பி அடித்தது. பனங்குற்றிகளுக்கிடையால் மண் கொட்டியது. காது அடைத்துக்கொண்டது. இருட்டில் யாரோ என் கணுக்காலை இறுக்கிப் பிடித்திருந்தார்கள். யாரோ ஒரு சின்னப் பிள்ளை என்று நினைத்தேன். தூசு அடங்கியபோது பார்த்தேன், அது அப்பாவின் கை.

வெளியே வந்தபோது கோயிலின் கூரை இல்லை. பீடத்துக்குப் பின்னால் இருந்த சுவர் இல்லை. ஆர்மோனியத்தின் கட்டைகள் கறுப்பும் வெள்ளையுமாக வயலுக்குள் கிடந்தன. பல்லுப் போலக் கிடந்தன. எங்களில் ஒருவருக்கும் கீறல்கூட இல்லை.

வரம்பு வழியாகப் பெரியம்மா ஓடி வந்தார். செருப்பில்லை, தலைமுடி குலைந்திருந்தது. வந்தவர் ஒவ்வொரு பிள்ளையாகத் தொட்டுப் பார்த்தார். முகத்தைத் திருப்பி நெற்றியைத் தடவிப் பார்த்தார். எல்லோரையும் பார்த்து முடித்த பிறகுதான் அப்பாவுக்கு முன்னால் போய் நின்றார். அப்பா மண் மூடையில் இருந்தார். துவாய் இன்னும் கையில் இருந்தது.

"கேட்டதோ தம்பி?"

"கேட்டது மச்சாள்" என்றார் அப்பா. பிறகு துவாயால் முகத்தை மூடிக்கொண்டார். இந்தமுறை நெடுநேரம் அதை எடுக்கவில்லை.

அதற்குப் பிறகு பெரியம்மா பாட்டுக்குழுவுக்குத் திரும்பினார். பெட்டி இல்லாமலே படிப்பித்தார். அப்பா மன்னிப்புக் கேட்டாரா என்று எனக்குத் தெரியாது. பெரியம்மாவின் கொட்டிலுக்கு அந்த மாரியில் புதுக் கிடுகு போட்டுக் கொடுத்தார், அது தெரியும்.

பிறகு நாங்கள் எல்லோரும் சிதறிய கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். சட்டி பானையைக் கொண்டுபோக முடியாத இடத்துக்கெல்லாம் பாட்டைக் கொண்டுபோனோம். மரத்தடியில், தறப்பாளுக்குக் கீழே, முகாமில். பாட்டு எங்கள் கையை விட்டும் போய்விட்டது. வேறு ஊர்க் கோயில்களில் பாடுகிறார்கள். அச்சிட்ட பாட்டுப் புத்தகம் ஒன்றில், மெட்டுப் போட்டவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'மரபு' என்று போட்டிருந்தது. அக்கா கனடாவிலிருந்து அனுப்பிய வீடியோவில், அந்த இடம் வரும்போது எல்லோரும் கண்ணை மூடித் தியானம் செய்கிறார்கள். நல்ல காரியம். அவர்களுக்கு அது தியானமாகவே இருக்கட்டும்.

அப்பா காலமாகிவிட்டார். பெரியம்மா என்னோடுதான் இருக்கிறார். காது முற்றாகப் போய்விட்டது. யார் பேசினாலும் வாயைப் பார்ப்பார்.

கீபோர்ட் பிள்ளையிடம் நான் கடைசியில் போனேன். இவ்வளவையும் சொல்லவில்லை. "அந்த இடத்தில நாங்கள் பொம்பருக்குக் காது குடுத்தனாங்கள் பிள்ளை" என்று மட்டும் சொன்னேன். "சரி அன்ரி" என்றாள்.

போன ஞாயிறு திருநாள். புதுக் கோயில், மாபிள் தரை, மின்விசிறி. பெரியம்மாவை முன் வாங்கில் இருத்தி, பக்கத்தில் நான் இருந்தேன். பாட்டுத் தொடங்கியது. பெரியம்மா பிள்ளைகளின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். முதல் வரி முடிந்தது. அந்தப் பிள்ளை கீபோர்ட்டிலிருந்து இரண்டு கையையும் எடுத்து மடியில் வைத்தாள். ட்ரம்ஸ் அடிக்கிறவனும் தடியைத் தூக்கிப் பிடித்தான். வாய்கள் மூடின.

பெரியம்மாவின் கை என் மணிக்கட்டைப் பிடித்தது. எலும்பு நோகும் பிடி.

"கேக்குதோ?" என்றார். காது கேளாதவர் அல்லவா, கோயிலுக்கே கேட்கும்படி கேட்டார்.

நான் உண்மையாகவே கேட்டுப் பார்த்தேன். ஏ-நைன் வீதியில் ஒரு பஸ் ஹோர்ன். ஐஸ்கிறீம் வண்டியின் பாட்டு. மின்விசிறி. அதற்கும் அப்பால், மேலே, எவ்வளவு தூரம் காது போகுமோ அவ்வளவு தூரம். எனக்குப் பின்னால் என் வயதுக்காரர்கள் சிலர் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

பெரியம்மாவின் முகத்துக்கு நேரே திரும்பி, இல்லை என்று தலையை ஆட்டினேன்.

மணிக்கட்டை விட்டார்.

"அப்ப பாடட்டும்" என்றார்.